ரெண்டு கிரெடிட் இடிக்குதா? வேலூரில் புதிதாகக் கல்லூரி சேர்ந்தவர்களுக்கு

போன ஜூலையில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்குச் சித்தி மகன் போன் செய்தான். “ணா, இருபத்தொன்னு வந்துச்சு. இன்னும் ரெண்டு கிரெடிட் இடிக்குது. இன்னா எடுக்கறது?” கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை. அந்தச் செமஸ்டருக்கு அவன் அடுக்கிய பாடங்களைக் கூட்டினால் 21, இன்னும் 2 வேண்டும். எட்டு மணிக்கு அவனுக்கு ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது பாடப் பதிவு, திறக்கிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு காட்பாடி ஜங்ஷனுக்கு வந்துவிட்டு, எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று கேட்பது போல இருந்தது. வாய்க்கு வந்த ஒன்றைச் சொன்னேன், அது சரியாக அமையவில்லை. அவனுக்கு ஒரு வாரம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கல்லூரி எந்த முறையில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வேலூர்ப் பக்கம் மூன்று விதம் உண்டு. காட்பாடி விஐடியில் இருப்பது எஃப்எஃப்சிஎஸ், அதாவது ஃபுல்லி ஃப்ளெக்ஸிபிள் கிரெடிட் சிஸ்டம். பாடம், ஆசிரியர், நேரம் மூன்றையும் மாணவரே விடாப் (VTOP) என்ற இணையதளத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊரீசு, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி போன்றவை சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அங்கே கால அட்டவணையைத் துறையே போட்டுக் கொடுத்துவிடும், நீங்கள் தேர்ந்தெடுப்பது ஒன்றிரண்டு விருப்பப் பாடங்களை மட்டும். பாகாயம் டிபிஜிஐடி மாதிரி அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் மூன்றாவது விதம்: முதல் ஆண்டில் எல்லாமே முடிவாகி வந்துவிடும், எலக்டிவ் பேச்சே பிறகுதான்.

இதில் அதிகம் குழம்புவது முதல் வகையினர். அவர்களுக்கான பகுதி நீளமாக இருக்கும். மற்றவர்கள் நடுவில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

எண்ணைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள்

பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே எல்-டி-பி-சி என்று நான்கு கட்டம் இருக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் விரிவுரை, எத்தனை மணி டுடோரியல், எத்தனை மணி லேப், கடைசியில் எத்தனை கிரெடிட். கணக்கு எளிது: ஒரு மணி விரிவுரைக்கு ஒரு கிரெடிட், இரண்டு மணி லேபுக்கு ஒரு கிரெடிட். 3-0-0-3 என்றால் வாரம் மூன்று வகுப்பு. 0-0-2-1 என்றால் ஒரே கிரெடிட்டுக்கு இரண்டு மணி லேபில் நிற்க வேண்டும். ரெக்கார்டு நோட்டு எழுதுவது இந்தக் கணக்கில் சேராது. அதை ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதுவீர்கள்.

பொறியியல் பட்டத்துக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) மாதிரிப் பாடத்திட்டம் சொல்வது 160 கிரெடிட். எட்டு செமஸ்டருக்குப் பங்கிட்டால் சராசரி 20. ஆனால் கடைசி ஆண்டில் புராஜெக்ட், இன்டர்ன்ஷிப், கேம்பஸ் இன்டர்வியூ என்று அலைச்சல் இருக்கும். அதனால் முன்பக்கச் செமஸ்டர்களில் 22, 23 என்று ஏற்றிக்கொள்கிறவர்கள் நிறைய. ஒன்றிரண்டு கிரெடிட் பாடங்களுக்கு அடிதடி நடப்பது இதனால்தான். பெரிய பாடங்களை எல்லாம் அடுக்கி முடித்த பிறகு, மூட்டைக்குள் மிச்சமிருக்கும் சந்தில் செருகச் சின்னதாக ஏதாவது வேண்டும்.

கிரெடிட் சின்னது என்பதால் வேலையும் சின்னது என்று நினைத்துவிடக் கூடாது. என்எஸ்எஸ் இதற்கு நல்ல உதாரணம். கலைக் கல்லூரிகளில் பகுதி ஐந்துக்கு, அதாவது விரிவாக்கப் பணிக்கு, ஒரே ஒரு கிரெடிட். என்எஸ்எஸ்ஸில் சேர்ந்தால் வருடத்துக்கு 120 மணி நேரம் என இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் முகாம். கிராமத்துக் கோவில் மண்டபத்தில் படுத்து, காலையில் மண்வெட்டி தூக்கி, மதியம் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு வருவீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது, அது வேறு விஷயம். அண்ணா பல்கலைக்கழக 2021 விதிமுறையில் வரும் கட்டாயப் பாடங்கள் இன்னும் ஒரு படி மேலே: வாரம் மூன்று மணி, கிரெடிட் பூஜ்யம்.

முதலில் காலி இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பலரும் “ஈசியான பாடம் எது?” என்று சீனியரிடம் கேட்டுத்தான் தொடங்குகிறார்கள். ஈசியான பாடம் உங்கள் காலி நேரத்தில் வராவிட்டால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தலைகீழாகப் போங்கள்.

ஒரு வெள்ளைத்தாளில் திங்கள் முதல் வெள்ளி வரை கட்டம் போடுங்கள். போனில் வேண்டாம், தாளில். கட்டாயப் பாடங்களை முதலில் நிரப்புங்கள். விஐடியில் தியரி ஸ்லாட்டுகளுக்கு, அதாவது வகுப்பு நேரக் கட்டங்களுக்கு, ஏ1, பி1, சி1 என்று பெயர். காலை ஸ்லாட்டுக்கு 1, மதிய ஸ்லாட்டுக்கு 2. காலையில் தியரி வைத்தால் லேப் மதியத்தில் வரும், மதியத்தில் தியரி வைத்தால் லேப் காலையில். நான் பார்த்த அட்டவணையில் ஏ1 என்பது திங்கள் முதல் மணி, புதன் இரண்டாம் மணி. இரண்டு கிரெடிட் பாடத்துக்கு அதோடு முடிந்தது. மூன்று கிரெடிட் என்றால் டிஏ1 கூடச் சேரும், அது வெள்ளி மூன்றாம் மணி. நான்கு கிரெடிட் என்றால் டிஏஏ1 வேறு.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு சூட்சுமம் கிடைக்கும். உங்கள் ஏ1 காலியாக இருந்து, டிஏ1 மட்டும் வேறு ஏதோ ஒன்றோடு மோதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிரெடிட் பாடம் அங்கே நுழையாது, இரண்டு கிரெடிட் பாடம் நுழைந்துவிடும். ஆக, தேட வேண்டியது “ஏ1 ஸ்லாட்டில் இரண்டு கிரெடிட்டுக்கு என்ன இருக்கிறது” என்று. நூற்றுக்கணக்கான பாடங்கள் உள்ள பட்டியல் ஏழெட்டாகச் சுருங்கிவிடும். அந்த ஏழெட்டைப் பற்றிச் சீனியரிடம் கேட்டால் அவரும் உருப்படியாகப் பதில் சொல்வார்.

காலி இடம் என்பதில் கட்டடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விஐடியில் டிடி (டெக்னாலஜி டவர்) கட்டடத்தில் ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது எஸ்ஜேடியில் (சில்வர் ஜூபிலி டவர்) என்றால், ஆகஸ்ட் வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வேலூர் வெயில் சித்திரையோடு முடிகிற சமாச்சாரம் இல்லை என்பது வெளியூர்க்காரர்களுக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

டே ஸ்காலருக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஆம்பூர், குடியாத்தம், வாலாஜா, அரக்கோணம் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள், ஊருக்குள்ளிருந்து காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லோரும் தாளின் ஓரத்தில் வண்டி நேரத்தை எழுதி வையுங்கள். கிரீன் சர்க்கிளில் பஸ் நிற்கிற நேரத்தையும் சேர்த்துத்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மூன்றாவது செமஸ்டரில் ஒரு இரண்டு கிரெடிட் பாடத்தை வெள்ளிக்கிழமை கடைசி ஸ்லாட்டில் போட்டேன். பாடம் நல்ல பாடம், எடுத்தவரும் நல்லவர். ஆனால் வகுப்பு முடிந்து ஓடினால் குடியாத்தம் வண்டி கண்ணெதிரே கிளம்பும். அடுத்த வண்டியைப் பிடித்தால், ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போகப் பஸ் கிடைக்காது, ஷேர் ஆட்டோவுக்கு ஆள் சேரும் வரை நிற்க வேண்டும். இரண்டு வெள்ளி பொறுத்தேன். மூன்றாவது வெள்ளியிலிருந்து கட் அடிக்கத் தொடங்கினேன். அட்டெண்டன்ஸ் எங்கே போய் நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

75 சதவீதம் சின்னப் பாடத்தில்தான் கடிக்கும்

இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. பதினைந்து வாரச் செமஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று வகுப்பு உள்ள பாடத்தில் மொத்தம் 45 வகுப்பு. 75 சதவீத அட்டெண்டன்ஸுக்கு 34 வந்தால் போதும், 11 விடலாம். வாரம் ஒரே முறை நடக்கும் ஒரு கிரெடிட் பாடத்தில் மொத்தமே 15. பன்னிரண்டு வர வேண்டும், மூன்றுதான் விடலாம். ஒரு காய்ச்சல், ஒரு அக்கா கல்யாணம், பொங்கலுக்கு ஒரு நாள் முன்னதாக ஊருக்குக் கிளம்பியது. அவ்வளவுதான், மூன்றும் தீர்ந்துவிட்டது.

அதனால் சின்னப் பாடத்தைத் திங்கள் முதல் மணியிலோ வெள்ளி கடைசி மணியிலோ வைக்காதீர்கள். நீண்ட விடுமுறைக்கு முன்னும் பின்னும் விழுகிற நாட்கள் அவை. செவ்வாய், புதன், வியாழன் நடு நேரம் பாதுகாப்பானது.

கலைக் கல்லூரிக்காரர்கள் இங்கே வாருங்கள்

இளங்கலைக்கு மொத்தம் 140 கிரெடிட். பெரும்பகுதி பகுதி மூன்றில், உங்கள் முதன்மைப் பாடத்தில் போய்விடும். சின்ன கிரெடிட் சமாச்சாரங்கள் பகுதி நான்கில் இருக்கின்றன: சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் சார்ந்த பாடங்கள், நான்-மேஜர் எலக்டிவ் என்கிற பிற துறை விருப்பப் பாடம். இவை பெரும்பாலும் இரண்டு கிரெடிட் அளவில் வரும். சுற்றுச்சூழல் கல்வி உச்ச நீதிமன்ற உத்தரவால் எல்லாப் பட்டப்படிப்புக்கும் கட்டாயமானது. அதைத் தவிர்க்க வழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நீங்கள் உண்மையாகவே தேர்ந்தெடுப்பது நான்-மேஜர் எலக்டிவைத்தான். அதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. நம் பக்கத்தில் அது பலரைப் பாதிக்கும். பகுதி ஒன்றில், அதாவது மொழிப் பாடத்தில், தமிழ் எடுத்தவர்களுக்கு மட்டும்தான் இந்த விருப்பப் பாடம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டு, கல்லூரியில் உருது, இந்தி, பிரெஞ்சு என்று வேறு மொழி எடுத்தவர்கள் அந்த இடத்தில் சிறப்புத் தமிழ் எழுத வேண்டும். பள்ளியில் தமிழே படிக்காதவர்கள் அடிப்படைத் தமிழ் எழுத வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்துப் பிள்ளைகள், சித்தூரிலிருந்து வரும் தெலுங்குப் பிள்ளைகள் சேர்க்கைப் படிவத்தில் மொழியைக் குறிக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். பின்னால் “எனக்கு மட்டும் ஏன் எலக்டிவ் இல்லை” என்று துறைத் தலைவர் அறை வாசலில் நின்று பயனில்லை. அடிப்படைத் தமிழ் ஆறாம் வகுப்பு அளவில்தான் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

எலக்டிவைத் தேர்ந்தெடுக்கும்போது நண்பர்கள் கூட்டமாக ஒன்றில் விழுவார்கள். நடத்துகிற துறை எது என்று பாருங்கள். எந்தத் துறையில் மாணவர் குறைவோ, அங்கே ஆசிரியர் உங்கள் பெயர் தெரிந்து நடத்துவார். வணிகவியல் படிக்கிற என் தோழி ஒருத்தி வரலாற்றுத் துறைப் பாடம் எடுத்தாள். அதில் கோட்டைக்கு ஒரு நாள் கூட்டிப்போனார்கள். பிறந்ததிலிருந்து வேலூரில் இருந்தும், 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்தது எந்தப் பக்கம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன் என்றாள்.

பொறியியல் இணைப்புக் கல்லூரிக்காரர்களுக்கு: முதல் செமஸ்டரில் ‘தமிழர் மரபு’, இரண்டாவதில் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று தலா ஒரு கிரெடிட்டில் வரும். இரண்டும் கட்டாயம். அதைச் சும்மா பாஸ் செய்தால் போதும் என்று விடாதீர்கள், மதிப்பெண் எடுக்கச் சுலபமானவை. என்சிசி கிரெடிட் பாடம் மதிப்பெண் பட்டியலில் ஏறும், ஆனால் சிஜிபிஏ (பட்டம் முழுவதற்குமான புள்ளிச் சராசரி) கணக்கில் சேராது.

ஆன்லைனில் எடுக்கலாமா?

எடுக்கலாம், கல்லூரி ஒப்புக்கொண்டால். ஒன்றிய அரசின் ஸ்வயம் தளத்தில் வரும், ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களில் நான்கு வாரப் பாடத்துக்கு ஒரு கிரெடிட், எட்டு வாரத்துக்கு இரண்டு, பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று. ஒரு செமஸ்டர் கிரெடிட்டில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் எடுக்கலாம் என்று யுஜிசி 2021 விதி அனுமதிக்கிறது. ஆனால் எவ்வளவு, எந்தப் பாடம் என்பதை உங்கள் கல்லூரிதான் முடிவு செய்யும். பாடத்தில் சேரும் முன்பே துறையில் ஒப்புதல் வாங்குங்கள், அதுவும் எழுத்தில். “சரிப்பா, எடு” என்று வராந்தாவில் நடந்துகொண்டே சொன்னது ஒப்புதல் ஆகாது.

இதில் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. பாடத்தில் சேர்வது இலவசம், சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து பணம் கட்ட வேண்டும், அதற்குத் தனிக் கடைசித் தேதி உண்டு. அதைத் தவறவிட்டால் பன்னிரண்டு வாரம் வீடியோ பார்த்தது உங்கள் அறிவுக்கு மட்டும்தான். தேர்வு வீட்டிலிருந்து எழுதுவதும் இல்லை, மையத்துக்குப் போய்க் கணினியில் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் 25 வாராந்திர அசைன்மென்ட்டுக்கு, 75 தேர்வுக்கு. சான்றிதழ் வேண்டுமென்றால் அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 தனித்தனியாக எட்ட வேண்டும். பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டை எடுத்துக்கொள்வார்கள் என்பதால் நான்கு வாரம் சறுக்கலாம். நான்கு வாரப் பாடத்தில் சிறந்த மூன்று, அதாவது ஒரே ஒரு வாரம்தான் சறுக்கலாம். இங்கேயும் சின்னதுதான் கடிக்கிறது பாருங்கள்.

ரிஜிஸ்ட்ரேஷன் காலை

முந்தின இரவு தாளில் மூன்று திட்டம் தயாராக இருக்கட்டும். முதல் திட்டம் நீங்கள் ஆசைப்படுவது. இரண்டாவது, ஆசிரியர் மாறினால். மூன்றாவது, ஸ்லாட்டே மாறினால். ஒவ்வொன்றிலும் பாடக் குறியீடு, ஸ்லாட், ஆசிரியர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு குறியீடு இருக்கும், பழைய பாடத்திட்டம் ஒன்று, புதியது ஒன்று. எட்டு மணி பரபரப்பில் கண் ஏமாற்றும்.

எதை முதலில் அழுத்துவது? என் வரிசை இது. தியரியும் லேபும் ஒட்டி வருகிற பாடத்தை முதலில் போடுங்கள், அட்டவணையில் அதிக இடம் அடைப்பது அதுதான். அடுத்து நேராக அந்தச் சின்னப் பாடத்துக்குப் போங்கள். இங்கேதான் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், கட்டாயப் பாடங்களை எல்லாம் முடித்துவிட்டு அதற்கு வரச் சொல்வார்கள். கட்டாயப் பாடத்துக்கு உங்கள் பேட்ச் முழுவதுக்கும் இடம் போட்டிருப்பார்கள். மிஞ்சிப்போனால் ஆசிரியர்தான் மாறுவார். இரண்டு கிரெடிட் விருப்பப் பாடத்துக்கு ஒன்றிரண்டு செக்ஷன்தான் இருக்கும். எல்லாத் துறைக்காரர்களும் அதன் மேல் விழுவார்கள், அது போனால் போனதுதான். ஒரே ஆசிரியரிடம்தான் படிப்பேன் என்று பிடிவாதம் இருந்தால் மட்டும் உங்கள் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

தளம் மெதுவாகும். பக்கத்தைத் திரும்பத் திரும்ப ரீலோட் செய்தால் வெளியே தள்ளி விடும், மறுபடி லாகின், மறுபடி கேப்ட்சா. பொறுமையாக ஒரு டேபில் மட்டும் செய்யுங்கள். ஹாஸ்டல் வைஃபை அந்த நேரத்தில் எல்லோராலும் நெரிபடும். போன் டேட்டாவைத் தயாராக வைத்திருங்கள்.

ஒரு சோதனை மறக்கக் கூடாது: அந்த இரண்டு கிரெடிட் எந்தப் பிரிவில் விழுகிறது? விருப்பப் பாடங்களுக்கும் பல்கலைக்கழக, துறை எலக்டிவ் என்று தனித்தனி ஒதுக்கீடு உண்டு. உங்களுக்கு ஏற்கெனவே நிரம்பிய பிரிவில் இன்னொரு பாடம் எடுத்தால் செமஸ்டர் கணக்கு நிறையும், பட்டக் கணக்கு நிறையாது. சித்தி மகனுக்கு நான் அவசரத்தில் சொன்னது இப்படித்தான் ஆனது.

மதிப்பெண் பயம் உள்ளவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 20 கிரெடிட்டில் பத்துக்குச் சராசரி 8 புள்ளி வாங்கியிருக்கிறீர்கள் என்றால், கூடுதலாக இரண்டு கிரெடிட்டில் 10 புள்ளி வாங்கினால் சராசரி 8.18 ஆகும். அதிலேயே 6 வாங்கினால் 7.82. ஏறினாலும் இறங்கினாலும் இவ்வளவுதான். இதற்காகப் பிடிக்காத பாடத்தை ‘ஈசி’ என்று எடுத்து ஒரு செமஸ்டர் முழுக்கக் கொட்டாவி விட வேண்டுமா என்று யோசியுங்கள்.

கிடைக்கவில்லை என்றால்

வகுப்பு தொடங்கிய முதல் நாட்களில் ஆட்-டிராப் இருக்கும். அப்போது பலர் பாடம் மாற்றுவார்கள், இடம் காலியாகும். காலையில் ஒரு முறை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை, இரவு ஒரு முறை பாருங்கள். அதே நாட்களில் நீங்கள் எடுத்த பாடத்தின் முதல் வகுப்புக்கும் போய்விடுங்கள். ஆசிரியர் அன்றைக்கே எத்தனை அசைன்மென்ட், எத்தனை குவிஸ், குழுவாகச் செய்யும் வேலை உண்டா என்று சொல்லிவிடுவார். வாரம் ஒரு அசைன்மென்ட் என்றால் அது பெயருக்குத்தான் இரண்டு கிரெடிட், டிராப் செய்யக் காலம் இருக்கும்போதே முடிவெடுங்கள்.

கடைசி வேலை: பதிவு முடிந்ததும் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, உங்கள் ப்ராக்டருக்கோ (விஐடியில் உங்களுக்கென ஒதுக்கிய வழிகாட்டி ஆசிரியர்) வகுப்பு ஆசிரியருக்கோ ஒரு பிரதி அனுப்புங்கள். இரண்டாவது வாரம் அட்டெண்டன்ஸ் பக்கத்தைத் திறந்து, எடுத்த ஒவ்வொரு பாடத்துக்கும் வரிசை இருக்கிறதா, முக்கியமாக அந்தச் சின்னப் பாடத்துக்கு இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அன்றைக்கே அலுவலகத்துக்குப் போங்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்.